ஒரு சன்னலில் பல பேர்



உயர்கல்விக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் இரவு. நாம் அறிந்த ஒரு தோட்டத்து வீட்டில் ஒரு பெண்பிள்ளை கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்ட விவரங்களையெல்லாம் எழுதி முடித்து, அனுப்பும் பொத்தானைத் தொட்டாள். திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது, வாசலில் போய் நின்று பாரம்மா" என்றார் தகப்பனார். வாசலிலும் அதே வட்டம்தான். மறுபடி தொட்டாள், மறுபடியும் தொட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பி அதே லைனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

அவள் தொட்ட பொத்தானுக்கு மறுபக்கத்தில் சர்வர் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரே சமயத்தில் பல பேருக்கு எப்படிப் பதில் சொல்கிறது, எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்பதை இன்று பார்ப்போம். கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் அழைத்து உட்கார வையுங்கள். இது அவர்கள் தாமே எழுதிப் பார்க்கக்கூடிய வேலைதான்.

சர்வர் என்றதும் பெரியவர்களுக்கு 1964-இல் நாகேஷ் நடித்து வந்த 'சர்வர் சுந்தரம்' நினைவுக்கு வரக்கூடும். வரட்டும், பொருத்தமாகத்தான் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதைக் கொண்டுவந்து வைப்பவர் சாப்பாட்டுக் கடைச் சர்வர். கணினியிலும் அதே தொழில்தான். கேட்கும் பக்கத்தைக் கிளையண்ட் என்பார்கள்; நாம் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் என்றால் குளிர்சாதன அறையில் நிற்கும் பெரிய இயந்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு நிரல், அதாவது கணினி செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு. உங்கள் பிள்ளையின் பழைய மடிக்கணினியிலும் அது ஓடும்.

சர்வர் எழுதும் முறை இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்பு 1983 ஜனவரி முதல் நாள் டிசிபி, ஐபி என்ற விதிமுறைகளுக்கு மாறியது. அதே 1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் தொகுப்பில், இந்த விதிமுறைகளைப் பயன்படுத்தி நிரல் எழுதுவதற்கென்று சாக்கெட் என்ற ஏற்பாடு வந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் உலகமெங்கும் சர்வர் எழுதுகிறவர்கள் அதே ஏற்பாட்டைத்தான் கையாளுகிறார்கள்.

அந்த ஏற்பாட்டைத் தோட்டத்து ஆபீஸ் சன்னலை வைத்தே விளக்கிவிடலாம். முதல் கட்டளை சாக்கெட்: சுவரில் ஒரு சன்னல் வைக்கிறோம். இரண்டாவது பைண்ட்: அந்தச் சன்னலுக்கு ஓர் எண் எழுதி மாட்டுகிறோம். இந்த எண்ணைப் போர்ட் என்பார்கள். 65,535 வரை எண் போடலாம். ஆனால் 1024-க்குக் கீழ்ப்பட்டவை யூனிக்ஸ் வகைக் கணினிகளில் வழக்கமாக நிர்வாகியின் அனுமதி வேண்டியவை. ஆகவே பிள்ளைகள் 5000, 8000 என்று ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது லிசன்: சன்னலைத் திறந்து வைத்து, காத்திருப்போருக்கு வாசலில் ஒரு பெஞ்சும் போடுகிறோம். பெஞ்சில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதையும் இந்தக் கட்டளையிலேயே சொல்லிவிடலாம். நான்காவது அக்செப்ட்: பெஞ்சில் முதலில் இருப்பவரை உள்ளே அழைக்கிறோம்.

இந்த நான்காவது கட்டளையைப் பலர் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் சற்று நிற்போம். அக்செப்ட் ஒருவரை அழைக்கும்போது சன்னலிலேயே அவரோடு பேசுவதில்லை. அவருக்கென்று உள்ளே புதிய மேசை ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறது. அதுவும் ஒரு சாக்கெட்தான். பேச்சு வார்த்தை எல்லாம் அந்த மேசையில் நடக்கும். சன்னல் அடுத்தவருக்காகத் திறந்தே இருக்கும். ஐம்பது பேர் வந்தால் ஐம்பது மேசை, சன்னல் மட்டும் ஒன்று.

அப்படியானால் ஐம்பது பேரும் ஒரே போர்ட் எண்ணுக்குத்தானே வருகிறார்கள், யாருடைய செய்தி எந்த மேசைக்கு என்று கணினிக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெறும் விலாசம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், அனுப்பியவர் விலாசம் வேறு வேறு. கணினி ஒவ்வோர் இணைப்புக்கும் நான்கு விவரங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: அனுப்பியவரின் ஐபி விலாசம், அவருடைய போர்ட், நம் ஐபி விலாசம், நம் போர்ட். நான்கும் ஒத்துப்போகும் இரண்டு இணைப்புகள் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. ஒரே கைத்தொலைபேசியிலிருந்து இரண்டு இணைப்புகள் வந்தால்கூட அனுப்பும் பக்கத்துப் போர்ட் வேறுபட்டிருக்கும்.

எங்கள் வகுப்பு என்றோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டப் பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் நான்கு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு நாங்கள் நடத்திய வகுப்பு அது. ஒருவர் ஒரு வரி எழுதினால் மற்ற மூவர் திரையிலும் அது தெரிய வேண்டும். இதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட வேலை. முதலில் எழுதிய சர்வர் மிகவும் எளிது. அக்செப்ட் செய், வாடிக்கையாளர் எழுதுவதைப் படி, பதில் அனுப்பு, அவர் போனதும் அடுத்தவரை அக்செப்ட் செய். ஒரு கணினியில் அருமையாக வேலை செய்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு நால்வரும் உட்கார்ந்தார்கள். முதலில் இணைந்த பையன், அம்மா கூப்பிட்டார் என்று ஒரு வரியும் எழுதாமல் வீட்டுக்கு ஓடிவிட்டான். மற்ற மூவரும் எழுதி எழுதிப் பார்த்தார்கள், பதிலே இல்லை. வேடிக்கை என்னவென்றால் மூவர் திரையிலும் 'இணைப்புக் கிடைத்தது' என்றே காட்டியது.

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைச் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். நிறுத்து எழுதுபவர் ஒருவர். வரிசையில் முதலில் நிற்பவர் வாளியை வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார் என்றும், அவர் வரும்வரை அடுத்த வாளியைத் தொடுவதில்லை என்று நிறுப்பவர் பிடிவாதமாக நிற்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பின்னால் நிற்பவர்களுடைய பால் கட்டிப்போகும். எங்கள் சர்வரும் அப்படித்தான் நின்றது. படி என்ற கட்டளை, செய்தி வரும்வரை நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்துவிடும். இதற்கு ஆங்கிலத்தில் பிளாக் ஆவது என்று பெயர்.

மற்ற மூவருக்கும் 'இணைப்புக் கிடைத்தது' என்று காட்டியதற்கும் காரணம் உண்டு. வருபவர்களைப் பெஞ்சில் உட்கார வைக்கும் வேலையை நம் நிரல் செய்வதில்லை. கணினியின் இயங்குதளமே செய்துவிடுகிறது. நாம் அக்செப்ட் செய்வதற்கு முன்னரே இணைப்பு உண்டாகிவிடும். அவர் உட்கார்ந்திருப்பார், எழுதியும் அனுப்புவார், கவனிக்கத்தான் ஆள் இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தின் பொருள் பல சமயம் இதுதான். பெஞ்சும் நிறைந்துவிட்டால், லினக்ஸ் இயங்குதளம் புதிதாக வருபவருக்குப் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். அவருடைய கணினி சிறிது நேரம் பொறுத்து மறுபடி கேட்கும். அந்தப் பெண்பிள்ளை பொறுமையிழந்து திரும்பத் திரும்பத் தொட்டது அவள் தவறன்று. ஆனால் ஒவ்வொரு தொடுதலும் வரிசையில் இன்னொரு வாளியை வைத்திருக்கலாம். அன்றிரவு அவளைப் போல் எத்தனை பிள்ளைகள் தொட்டுக்கொண்டிருந்தார்களோ!

சரி, இந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி? வழிகள் மூன்று உண்டு. மூன்றையும் நாங்கள் செய்து பார்த்தோம்.

முதல் வழி யூனிக்ஸ் பிறந்த காலத்திலிருந்தே உள்ள ஃபோர்க் என்னும் கட்டளை. ஒவ்வொருவர் வரும்போதும் சர்வர் தன்னைப் போலவே ஒரு பிரதியை உண்டாக்கி, 'இவரை நீ கவனி' என்று விட்டுவிட்டுத் தான் சன்னலுக்குத் திரும்பிவிடும். ஒரு பிரதி தன் வாடிக்கையாளருக்காகக் காத்துக் கிடந்தாலும் மற்றவை பாதிக்கப்படுவதில்லை. ஒன்று கெட்டு நின்றாலும் மற்றவை ஓடும். ஆனால் இதில் இரண்டு கவனம் வேண்டும். வேலை முடிந்த பிரதியின் பெயரை மூலச் சர்வர் கேட்டு வாங்கி நீக்க வேண்டும். இதற்கு வெயிட் என்ற கட்டளை உண்டு. இல்லாவிட்டால், வேலையை விட்டுப் போனவரின் பெயர் செக்ரோலில் தங்கிவிடுவது போல், செத்த பிரதிகளின் பெயர்கள் பட்டியலை அடைத்துக்கொண்டிருக்கும். மற்றொன்று, புதிய மேசையின் சாவி பிரதியிடமும் மூலச் சர்வரிடமும் ஆக இருவரிடமும் இருக்கும். மூலச் சர்வர் தன் சாவியைப் போட்டுவிட வேண்டும். மறந்தால் பேச்சு முடிந்த பிறகும் இணைப்பு மூடாது. நாங்கள் மறந்தோம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலை போயிற்று.

எங்கள் வேலைக்கு ஃபோர்க் பொருந்தவும் இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் நினைவகம் தனி. ஒருவர் எழுதிய வரி ஒரு பிரதிக்குத்தான் தெரியும், மற்றப் பிரதிகளுக்குத் தெரியாது. அவரவருக்குத் தனித்தனியே பதில் சொல்லும் வேலைக்கு இது சிறந்தது. நால்வரும் கூடிப் பேசுவதற்குச் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி திரெட், அதாவது இழை. ஒரே ஆபீஸ் அறைக்குள் பல கிராணிகள் உட்கார்ந்து, ஒரே பேரேட்டைப் பார்த்து வேலை செய்வதைப் போன்றது. செய்தியை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது வசதி. அதுவே ஆபத்தும். தோட்டக் கடையில் ஒருவருடைய கடன் கணக்கு 50 ரிங்கிட் என்று இருக்கிறது. இரண்டு கிராணிகள் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். முதல்வர் 10 ரிங்கிட் அரிசியைச் சேர்த்து 60 என்று எழுதுகிறார். இரண்டாமவர் தாம் முன்பு பார்த்த 50-உடன் 20 ரிங்கிட் எண்ணெயைச் சேர்த்து 70 என்று அதன்மேல் எழுதிவிடுகிறார். வர வேண்டியது 80. பத்து ரிங்கிட் காற்றோடு போயிற்று. இருவருமே கூட்டலில் பிழை செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை. இதைத் தடுக்க லாக் என்ற பூட்டு உண்டு: ஒருவர் பேரேட்டை எடுத்தால், பார்த்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் தொடக்கூடாது. பூட்டை எங்கே போடுவது, எங்கே திறப்பது என்பதைச் சரியாகத் தீர்மானிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். பத்து முறை சரியாக ஓடிவிட்டுப் பதினோராம் முறை தவறும். தவறிய காரணமும் திரையில் தெரியாது. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு இந்த வழியை நாம் சிபாரிசு செய்வதில்லை.

மூன்றாவது வழி செலக்ட். இதுவும் 1983-ஆம் ஆண்டுப் பெர்க்லித் தொகுப்பில் வந்ததுதான். கிராணி ஒருவரே. ஆனால் ஒரு மேசையின் முன் தவம் கிடக்கமாட்டார். 'சன்னலும் இந்த நான்கு மேசைகளும் என் பொறுப்பு. இவற்றில் எங்கே செய்தி வந்தாலும் என்னை எழுப்பு' என்று இயங்குதளத்திடம் பட்டியல் கொடுத்துவிட்டு ஓய்ந்திருப்பார். செய்தி வந்ததும் இயங்குதளம் எழுப்பி, எந்தெந்த மேசை என்று காட்டும். சன்னல் என்றால் புதியவர். அக்செப்ட் செய்து பட்டியலில் சேர்க்கிறார். மேசை என்றால் வந்ததைப் படித்து மற்றவர்களுக்கு அனுப்புகிறார். பிறகு மறுபடி பட்டியல். எங்கள் சர்வர் இந்த முறையில்தான் நிலைத்தது. வீட்டுக்கு ஓடிய பையன் ஓடிக்கொண்டே இருக்கட்டும், அவன் மேசை சும்மா கிடக்கும், மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் கிராணி ஒருவர்தான் என்பதை மறக்கக்கூடாது. ஒரு மேசையில் அரைமணி நேரக் கணக்கு ஒன்றை அவர் போட உட்கார்ந்தால் எல்லா மேசையும் நிற்கும். அதேபோல, அனுப்புவதைப் படிக்காத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் அவருக்குரிய வாளி நிறைந்து, அனுப்பும் கட்டளையும் நின்றுவிடும். ஆகவே மேசைகளையெல்லாம் 'நிற்காதே, முடியாவிட்டால் உடனே சொல்' என்ற நிலையில் வைத்து, அனுப்ப முடியாமல் மிஞ்சியதை ஒவ்வொருவருக்கும் தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செலக்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. லினக்ஸில் வழக்கமாக 1024-க்கு மேல் அதன் பட்டியலில் இடமில்லை. ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் பார்க்கவும் வேண்டும். டான் கேகல் என்ற அமெரிக்கர் 1999-இல், ஒரே சர்வர் பத்தாயிரம் பேரை ஒரே சமயத்தில் தாங்குவது எப்படி என்ற கேள்வியை எழுப்பி எழுதினார். அதையொட்டிய ஆண்டுகளில் ஃப்ரீபிஎஸ்டியில் கேகியூ, லினக்ஸில் ஈபோல் என்ற ஏற்பாடுகள் வந்தன. பட்டியலை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், செய்தி வந்த மேசைகளை மட்டும் சொல்லும். ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வர் இவ்வகை ஏற்பாட்டின்மேல் நிற்பதுதான்.

இனி, மூன்று வழிக்கும் பொதுவான ஒரு செய்தி. இதில் இடறாத மாணவரை நாம் கண்டதில்லை. டிசிபி செய்தியைக் கடிதம் கடிதமாகக் கொண்டு தருவதில்லை. பல மங்குகளிலிருந்து பாலை ஒரே வாளியில் ஊற்றிவிட்டால், இது எந்த மரத்துப் பால் என்று பிரிக்க முடியுமா? அப்படித்தான். வாடிக்கையாளர் மூன்று வரிகளை மூன்று முறையாக அனுப்பினாலும் சர்வருக்கு அவை ஒன்றாய்ச் சேர்ந்து வரலாம். ஒரே வரி இரண்டு துண்டாகவும் வரலாம். வரிசை மாறாது, ஆனால் எல்லை தெரியாது. எல்லையை நாமே வகுக்க வேண்டும். எளிய வழி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் புதுவரிக் குறியை வைப்பது. வந்ததைச் சேர்த்துக்கொண்டே போய், குறியைக் கண்டதும் அதுவரை உள்ளதை ஒரு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கிறது. 'அம்மா' என்பது அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து பைட். முதலில் பத்து பைட் மட்டும் வந்தால் நான்காவது குறி நடுவிலே வெட்டுப்பட்டு நிற்கும். அந்நிலையில் எழுத்தாக மாற்றப் போனால் சர்வர் பிழை காட்டி நின்றுவிடும். எங்கள் சர்வர் ஆங்கிலத்தில் நன்றாக ஓடிவிட்டு ஒரு பிள்ளை நீண்ட தமிழ் வரி எழுதியதும் விழுந்தது இதனால்தான். முழு வரியும் வந்து சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்ற வேண்டும்.

வாடிக்கையாளர் விடைபெற்றுப் போனால் அந்த மேசையில் படிக்கும்போது பூச்சியம் பைட் கிடைக்கும். அதுதான் அடையாளம், உடனே மேசையை மூடிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் செலக்ட் 'இங்கே ஆள் இருக்கிறார்' என்று விடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும், கணினி சூடேறும். மின்சாரம் போய் ஒருவருடைய கணினி அணைந்துவிட்டால் இந்தப் பூச்சியமும் வராது. அதற்காக, இத்தனை நிமிடம் ஒன்றும் எழுதாதவரை அனுப்பிவிடு என்று ஒரு கெடு வைப்பது வழக்கம். பெரிய சர்வர்களில் இது கட்டாயமே. வேண்டுமென்றே மெல்ல மெல்ல எழுதி மேசைகளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை வரவிடாமல் செய்யும் குறும்பர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு கணினி வேண்டியதில்லை. 127.0.0.1 என்ற விலாசம் எந்தக் கணினியிலும் தன்னையே குறிக்கும். பைதான் மொழியில் சாக்கெட், செலக்ட் இரண்டும் உடன் வருபவை. காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. சர்வரை ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, வேறு இரண்டு சாளரங்களில் டெல்நெட் அல்லது நெட்கேட் என்ற சிறு கருவியால் அதனுடன் இணையலாம். முதல் சாளரத்தில் இணைந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விடுங்கள். இரண்டாவதில் எழுதுங்கள். பதில் வருகிறதா பாருங்கள். அதன்பின் பேச்சு நடுவில் இருக்கும்போதே ஒன்றைப் பட்டென்று மூடிவிட்டு, சர்வர் நிற்கிறதா விழுகிறதா என்று பாருங்கள். சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டும்போது 'விலாசம் பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்தால் பயப்பட வேண்டாம். பழைய இணைப்பின் நினைவைக் கணினி சிறிது நேரம் வைத்திருக்கும். லினக்ஸில் அது ஒரு நிமிடம். பைண்ட் செய்வதற்கு முன் 'ரீயூஸ் அட்ரஸ்' என்ற விருப்பத்தை அமைத்துவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்கு பேருடன் ஓடிய எங்கள் சர்வருக்கு மொத்தம் எண்பது வரிக்குள்தான் ஆயிற்று. ஓடிப்போன பையன் மறுநாள் வந்து, தன் பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதைப் பார்த்து, "நான் வீட்டுக்குப் போய்விட்டேனே சார், இது இன்னும் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறதே" என்று கேட்டான். கெடு வைக்கும் வரிகளை அன்று மாலை அவனே எழுதினான்.